எந்தச் சுமையை இறக்கிவைப்பது? வாசிக்கவும் எழுதவும் கற்பிப்பதில் மின்கருவிகளின் இடம்

ஐந்தரை வயதுக் குழந்தை ஒன்று தொடுதிரையில் கதைப்புத்தகம் படிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'பொம்மை' என்ற சொல்லில் அதன் கண் நின்றுவிடுகிறது. விரலால் சொல்லைத் தொட்டதும் கருவி 'பொம்மை' என்று தெளிவாக உச்சரிக்கிறது. குழந்தையும் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகிறது, அதையும் தொடுகிறது. ஐந்து நிமிடத்தில் கதை முடிந்து, கைதட்டும் ஒலியும் நட்சத்திரங்களும் வந்துவிடுகின்றன. இன்னொரு செயலியில் அதே சொல்லைத் தொட்டால் முழுச்சொல்லும் ஒலிப்பதில்லை. 'பொ' மட்டும் நிறம் மாறி ஒலிக்கிறது, பிறகு அமைதி. மிச்சத்தைக் குழந்தைதான் சொல்லிப் பார்க்கவேண்டும். 'பொ... ம்... மை' என்று எழுத்துக்கூட்டிச் சேர்த்து, நெடுநாளாக வாயில் புழங்கிய ஒரு சொல்லே இந்தக் கோடுகளுக்குள் இருக்கிறது என்று பிடிபடும் கணத்தில் அந்த முகம் மலர்வதை அருகில் இருப்பவர் பார்க்கலாம். கருவி ஒன்று, சொல் ஒன்று, விரலும் ஒன்று. முதல் குழந்தை கதை கேட்டது. இரண்டாவது குழந்தை வாசித்தது.

கல்வியில் தொழில்நுட்பம் வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதம் பெரும்பாலும் திரையா, தாளா என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. அதைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று உண்டு. வாசிப்பதும் எழுதுவதும் பல சுமைகளை ஒரே நேரத்தில் தூக்கும் வேலைகள். கருவி அவற்றுள் எந்தச் சுமையைக் குழந்தையின் தலையிலிருந்து இறக்கிவைக்கிறது? குழந்தை கற்கவேண்டிய வேலையையே கருவி எடுத்துக்கொண்டால் கற்றல் நின்றுபோகிறது. கற்கவேண்டியதை மறித்துக்கொண்டிருக்கும் வேறொரு சுமையை எடுத்துக்கொண்டால் கற்றல் ஓடத் தொடங்குகிறது. கடந்த இருபது ஆண்டுகளாக வந்திருக்கும் ஆய்வுகள் மேலோட்டமாக ஒன்றையொன்று மறுப்பதுபோலத் தோன்றினாலும், இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் அவற்றில் பெரும்பாலானவை ஒரே திசையைக் காட்டுகின்றன என்பது என் வாசிப்பு.

முதலில் வாசிப்பு என்பது என்ன என்று பார்க்கவேண்டும். பேச்சு குழந்தைக்குத் தானாக வந்துவிடுகிறது. சுற்றிலும் பேசுபவர்கள் இருந்தால் போதும். எழுத்து அப்படி வருவதில்லை. மனித குலத்துக்கு எழுத்து கிடைத்து ஐயாயிரம் ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. வாசிப்பதற்கென்று மூளையில் ஓர் இடம் பிறப்பிலேயே அமைவதற்கு அந்தக் காலம் போதாது. முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காண்பதில் ஈடுபட்டிருந்த பார்வைப் பகுதியின் ஒரு பாகம், கற்பிப்பதன் விளைவாகவே எழுத்துகளை அடையாளம் காணும் பகுதியாக மாறுகிறது என்பதை பிரெஞ்சு நரம்பியல் அறிஞர் ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் விரிவாக எழுதியிருக்கிறார். எழுத்தின் வடிவத்தையும் அதன் ஒலியையும் மீண்டும் மீண்டும் இணைத்துப் பழகினால்தான் இந்த மாற்றம் நிகழும். அந்த உழைப்பைக் குழந்தைக்காக வேறொருவர் செய்துவிட முடியாது.

பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்னும் இரு ஆய்வாளர்கள் 1986இல் ஓர் எளிய சூத்திரத்தை முன்வைத்தார்கள். படித்ததைப் புரிந்துகொள்ளும் திறன் என்பது, எழுத்துக்கூட்டிச் சொல்லை அறியும் திறனையும் காதால் கேட்ட மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கி வருவது. கூட்டல் என்று சொல்லாமல் பெருக்கல் என்று சொன்னதில்தான் அதன் கூர்மை இருக்கிறது: இரண்டில் ஒன்று சுழியம் என்றால் விடையும் சுழியமே. சரளமாகப் பேசும் குழந்தைக்கு எழுத்து தெரியாவிட்டால் வாசிப்பு இல்லை. எழுத்தெல்லாம் தெரிந்தும் சொற்களின் பொருள் தெரியாத குழந்தைக்கும் வாசிப்பு இல்லை. அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000இல் வெளியிட்ட அறிக்கை ஒலிகளைப் பிரித்துணர்தல், எழுத்து–ஒலி உறவு, சரளம், சொல்வளம், பொருள் புரிதல் என ஐந்து கூறுகளை அடையாளம் கண்டது. ஒரு செயலியைப் பற்றிக் கேட்கவேண்டிய முதல் கேள்வி, இது இவற்றுள் எதைப் பயிற்றுகிறது என்பதே. 'வாசிப்புச் செயலி' என்ற பொதுப்பெயருக்குள் ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத வேலைகள் அடங்கியிருக்கின்றன.

எழுத்து–ஒலி உறவைப் பயிற்றும் விளையாட்டுகளையே எடுத்துக்கொள்வோம். கருவியின் இயல்பும் வேலையின் தேவையும் நன்றாகப் பொருந்தும் இடம் இது. ஒலியைக் கேட்டு அதற்குரிய எழுத்தைத் தொடவேண்டும்; சரியா தவறா என்பது உடனே தெரிந்துவிடுகிறது; தவறிய எழுத்து சற்று நேரத்தில் மீண்டும் வருகிறது; பழகிய எழுத்து குறைவாக வருகிறது. நாற்பது குழந்தைகள் உள்ள வகுப்பில் ஒவ்வொரு குழந்தைக்கும் இத்தகைய பயிற்சியை ஓர் ஆசிரியரால் கொடுக்க இயலாது. இயந்திரம் சலிக்காமல் கொடுக்கும்.

பின்லாந்தின் யுவாஸ்குலா பல்கலைக்கழகத்தில் உருவான கிராஃபோகேம் இந்த வகையில் மிகுதியாக ஆராயப்பட்ட விளையாட்டு. பல மொழிகளுக்கு மாற்றியமைக்கப்பட்டது. அதைப் பற்றிப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2020இல் வெளியான ஒரு மதிப்பீடு, சொல் வாசிப்பில் சராசரி விளைவு ஏறத்தாழ இல்லை என்று கண்டது. ஆனால் அதே மதிப்பீடு இன்னொன்றையும் கண்டது: குழந்தை விளையாடும்போது பெரியவர் ஒருவர் அருகில் ஈடுபாட்டோடு இருந்த ஆய்வுகளில் பயன் தெளிவாகத் தெரிந்தது. அருகில் இருப்பவர் செய்வது பெரிய காரியம் ஒன்றுமில்லை. குழந்தை ஊகித்துத் தொடுகிறதா, கேட்டுத் தொடுகிறதா என்று கவனிக்கிறார்; 'இந்த எழுத்து உன் பெயரிலும் இருக்கிறது, பார்' என்கிறார்; திரையில் பழகிய எழுத்தை மறுநாள் கரும்பலகையிலும் புத்தகத்திலும் காட்டுகிறார். விளையாட்டுக்குள் கற்றது விளையாட்டுக்குள்ளேயே தங்கிவிடாமல் வெளியே கொண்டுவருவது அவர்தான்.

தமிழைப் பொறுத்தவரை இங்கே ஒரு தனிக் கவலை இருக்கிறது. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளை மனத்தில் வைத்து வடிவமைத்த செயலியின் சட்டகத்தில் தமிழ் எழுத்துகளைக் கொண்டுபோய்ப் பொருத்துவது வழக்கமாகிவிட்டது: 'அ–அம்மா', 'ஆ–ஆடு' என்று 12 உயிரெழுத்துகளுக்குப் படங்கள், 18 மெய்களுக்குப் படங்கள், அத்தோடு முடிந்தது. உண்மையில் வேலை அங்கேதான் தொடங்குகிறது. 247 எழுத்துகளில் 216 உயிர்மெய்கள். அவற்றைத் தனித்தனிப் படங்களாக மனப்பாடம் செய்யும் குழந்தை சோர்ந்துபோகும். ஒரு மெய்யும் ஓர் உயிர்க்குறியும் சேர்ந்து எழுத்தாகும் முறையைப் பிடித்துக்கொண்ட குழந்தை, முன்பின் பார்த்திராத 'ஞௌ'வையும் வாசித்துவிடும். குறிகள் நிற்கும் இடமும் எளிதானதன்று. 'கி'யில் குறி மெய்யின் மேல் ஒட்டிக்கொள்கிறது; 'கு', 'சு', 'பு' ஆகியவற்றில் உகரம் மெய்க்கு மெய் வடிவம் மாறுகிறது; 'கெ'யில் கொம்பு முன்னால் வருகிறது, ஆனால் அதன் ஒலி பின்னால் வருகிறது; 'கொ'வில் கொம்பும் காலும் எழுத்தின் இரு பக்கமும் நிற்கின்றன. கன்னடத்தில் வாசிக்கக் கற்கும் குழந்தைகளை ஆராய்ந்த சோனாலி நாக், இத்தகைய எழுத்துமுறையில் தேர்ச்சி பெற ஓரிரு ஆண்டுகள் போதாது, அது தொடக்கப்பள்ளியின் பல வகுப்புகளுக்கு நீள்கிறது என்று காட்டியிருக்கிறார். தமிழுக்கும் அது பெரிதும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். கொம்பைக் குழந்தை தன் விரலால் இழுத்து வெவ்வேறு மெய்களின் முன் வைத்துப் பார்க்கவும், வைத்தவுடன் ஒலி மாறுவதைக் கேட்கவும் முடிகிற ஒரு திரை, அச்சிட்ட அட்டவணையால் காட்ட முடியாததைக் காட்டும். அப்படிப்பட்ட கருவிகள் பெருகவேண்டும். படமும் பாட்டுமான 'அ–அம்மா' செயலிகள் போதுமான அளவு வந்துவிட்டன.

எழுத்துக்கூட்டத் தெரிந்த பிறகு வருவது சரளம். சரளம் வர முக்கியமான வழி, வாய்விட்டு வாசிப்பதும் அதை ஒருவர் கேட்பதும். பேச்சை உணரும் மென்பொருள் இங்கே நுழைகிறது. கூகுளின் 'ரீட் அலாங்' செயலி 2019இல் 'போலோ' என்ற பெயரில் இந்தியாவில் அறிமுகமாகிப் பின்னர் தமிழ் உள்ளிட்ட மொழிகளுக்கு விரிந்தது. குழந்தை வாசிக்க வாசிக்கக் கேட்டு, தடுமாறும் சொல்லை உச்சரித்துக் காட்டும். திரையில் இருக்கும் வரி எது என்பது கருவிக்கு முன்பே தெரியுமாதலால், யாரோ எதையோ பேசுவதைப் புரிந்துகொள்வதைவிட இந்த வேலை எளிது. ஆனாலும் குழந்தைகளின் குரல் பெரியவர்களின் குரலைவிட உயர்ந்தது, உச்சரிப்பு இன்னும் நிலைபெறாதது. பெரும்பாலும் பெரியவர்களின் குரலைக் கேட்டுப் பழகிய மென்பொருள் குழந்தைகளிடம் அதிகம் தவறுகிறது.

தமிழில் இதற்கு மேலும் ஒன்று உண்டு. வரியில் 'பையன் ஓடிக்கொண்டிருக்கிறான்' என்று இருக்கிறது. குழந்தை ஒரு கணம் பார்த்துவிட்டு 'பையன் ஓடிட்டிருக்கான்' என்று வாசிக்கிறது. எழுத்தைப் பார்த்து, பொருளைப் பிடித்து, தன் பேச்சுமொழிக்கு மாற்றிச் சொல்லியிருக்கிறது அந்தக் குழந்தை. ஒரு வகையில் அது புரிந்து வாசித்ததற்கான சான்று. ஆனால் ஒலியை மட்டும் ஒப்பிடும் கருவிக்கு அது பிழை. சிவப்பு நிறம் காட்டி மறுபடி சொல்லச் சொல்லும். அனுபவமுள்ள ஆசிரியர் இங்கே வேறு மாதிரி நடந்துகொள்வார்: 'சரியாகப் புரிந்துகொண்டாய், இப்போது இதில் எழுதியிருப்பதுபோலவே படி பார்க்கலாம்' என்று சொல்வார். எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள தொலைவைக் கடப்பதுதான் தமிழ்க் குழந்தையின் வாசிப்பில் பெரிய பகுதி. அந்தத் தொலைவை அறியாத கருவி, கடந்துவிட்ட குழந்தையையும் கடக்காத குழந்தையையும் ஒரே நிறத்தில் காட்டுகிறது.

சரளத்துக்கு உதவும் தொழில்நுட்பம் நுட்பமானதாகத்தான் இருக்கவேண்டும் என்பதும் இல்லை. தொலைக்காட்சியில் ஒலிக்கும் பாடலின் வரிகளை அதே மொழியில் திரையின் அடியில் ஓடவிடும் யோசனையை பிரிஜ் கோத்தாரி 1996இல் முன்வைத்தார்; 1999 முதல் குஜராத்தில் ஒளிபரப்பில் அது சோதிக்கப்பட்டது. தெரிந்த பாட்டு, பிடித்த பாட்டு, திரும்பத் திரும்பக் கேட்கும் பாட்டு. எழுத்து ஓடினால் கண் தானாகவே அதைத் தொடர்கிறது. வாசிக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் வாசிப்புப் பயிற்சி நடக்கிறது. கைபேசியில் தன் வாசிப்பைப் பதிவுசெய்து தானே கேட்பதும் இதுபோல எளிய உத்திதான்: மூன்று நாள் இடைவெளியில் ஒரே பத்தியை இருமுறை பதிவுசெய்து அடுத்தடுத்துக் கேட்கும் குழந்தைக்குத் தன் முன்னேற்றம் மதிப்பெண் இல்லாமலேயே காதில் விழுகிறது.

இனி திரையும் தாளும். 2000 முதல் 2017 வரை வெளியான 54 ஆய்வுகளை, 1,70,000க்கும் மேற்பட்ட பங்கேற்பாளர்களின் தரவுகளோடு தொகுத்து 2018இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, ஒரே உரையைத் தாளில் படித்தவர்கள் திரையில் படித்தவர்களைவிடச் சற்று நன்றாகப் புரிந்துகொண்டார்கள் என்று காட்டியது. கதைகளில் வேறுபாடு தெரியவில்லை; தகவல் உரைகளிலும், நேரக் கட்டுப்பாட்டோடு படிக்கும்போதும் தெரிந்தது. திரை பழகப்பழக இந்த வேறுபாடு மறையும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். மாறாக, ஆண்டுகள் செல்லச்செல்ல அது கூடியிருந்தது. திரையில் நாம் பழகியிருப்பது மேலோட்டமாக மேய்வதற்கு என்பதால், ஆழ்ந்து படிக்கவேண்டிய உரையையும் அதே பழக்கத்தோடு அணுகுகிறோம் என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் ஒரு விளக்கம். சுவீடன் அரசு 2023இல் அச்சுப் பாடநூல்களுக்குப் பணம் ஒதுக்கி, சிறு வகுப்புகளில் திரையைக் குறைக்கும் திசையில் திரும்பியதற்கு இத்தகைய கண்டறிவுகளும் பின்னணி.

சிறு குழந்தைகளின் கதைப்புத்தகங்களில் படம் இன்னும் சுவையானது. ஒன்று முதல் எட்டு வயது வரையான 1,812 குழந்தைகளை உள்ளடக்கிய 39 ஆய்வுகளின் தொகுப்பு 2021இல் வெளிவந்தது. அச்சுப்புத்தகத்தையே குரல் பதிவோடு அப்படியே திரைக்கு மாற்றினால் தாள்தான் மேல். ஆனால் கதையின் ஓட்டத்தோடு பிணைந்த அசைவும் ஒலியும், பின்னணியை விளக்கும் குறிப்புகளும் சேர்ந்திருந்த மின்னூல்கள் தாளை விஞ்சின. சொல்லைத் தொட்டால் பொருள் காட்டும் அகராதி வசதி சொல்வளத்தைக் கூட்டியது. கதைப் புரிதலுக்கு அது உதவவில்லை, சில இடங்களில் அதைக் குறைக்கவும் செய்தது. யோசித்துப் பார்த்தால் இது இயல்பே. யானை ஆற்றில் இறங்கும் வரியைப் படிக்கும்போது நீர் சலசலத்தால் குழந்தை கதைக்குள்ளேயே இருக்கிறது. கரையில் இருக்கும் தவளையைத் தொட்டால் அது குதித்து ஆடினால் குழந்தை கதையை விட்டு வெளியே வந்துவிடுகிறது. புத்தகத்தை வடிவமைப்பவர் தவளைக்குச் செலவிடும் உழைப்பை யானைக்குச் செலவிட்டால் போதும்.

எழுதுவதற்கு வருவோம். நான் அதிகம் அக்கறை கொள்ளும் பகுதி இது. பொதுவில் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான்.

எழுதுதல் என்பது ஒரே நேரத்தில் நிகழும் மூன்று போராட்டங்கள். கை எழுத்தின் வடிவத்தோடு போராடுகிறது. மனம் எழுத்துப்பிழையோடு போராடுகிறது. இவற்றுக்கெல்லாம் மேலே, சொல்லவந்தது என்ன, அதை எந்த வரிசையில் சொல்வது என்ற போராட்டம். முதலிரண்டிலும் ஆற்றல் தீர்ந்துவிட்டால் மூன்றாவதுக்கு எதுவும் மிஞ்சாது. வாயால் கேட்டால் அரைமணி நேரம் கதை சொல்லும் குழந்தை தாளில் இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்வது இதனால்தான். ஆகவே விசைப்பலகையைக் கொடுத்துக் கையின் சுமையை இறக்கிவிடலாமே என்று தோன்றுவது நியாயம். ஆனால் எப்போது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

காரின் ஜேம்ஸும் லாரா எங்கல்ஹார்ட்டும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், இன்னும் வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகள் சில எழுத்துகளைக் கையால் எழுதினார்கள், சிலவற்றைப் புள்ளிக்கோட்டின்மேல் வரைந்தார்கள், சிலவற்றைத் தட்டச்சு செய்தார்கள். பிறகு அந்த எழுத்துகளைப் பார்க்கும்போது மூளையைப் படமெடுத்துப் பார்த்ததில், தாமே கையால் எழுதிப் பழகிய எழுத்துகளுக்கு மட்டுமே வாசிப்போடு தொடர்புடைய பகுதிகள் சிறப்பாகத் தூண்டப்பட்டிருந்தன. கையால் எழுதும்போது குழந்தையின் எழுத்து ஒவ்வொரு முறையும் சற்றே வேறாக, கோணலாக வருகிறது. அந்தக் கோணல்களின் ஊடாகவே எழுத்தின் சாரமான வடிவம் எது என்பதை மூளை பிரித்தெடுக்கிறது என்று அவர்கள் விளக்கினார்கள். விசையை அழுத்தினால் எழுத்து ஒவ்வொரு முறையும் அச்சுப்போல வந்துவிடுகிறது. குழந்தைக்கு அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. மூன்றுசுழி 'ண'வையும் இரண்டுசுழி 'ன'வையும் பிரித்தறியவேண்டிய தமிழ்க் குழந்தைக்கு, சுழியை எண்ணிக்கொண்டு வளைக்கும் விரலின் நினைவு விசைப்பலகையிலிருந்து கிடைக்கப்போவதில்லை. எழுத்தறிமுகக் காலத்தில் கையின் சுமை என்பது கற்றலின் சுமையே. அதை இறக்கிவைக்கக் கூடாது.

எழுத்துகள் கைக்குப் பழகிய பிறகு நிலைமை மாறுகிறது. ஸ்டீவ் கிரஹாமும் டோலோரஸ் பெரினும் 2007இல் நான்காம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையான மாணவர்களின் எழுத்துப் பயிற்சி பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தபோது, கணினியில் எழுதுவது எழுத்தின் தரத்தைக் கணிசமாக உயர்த்தியது என்று கண்டார்கள். எழுதத் தடுமாறும் மாணவர்களுக்குப் பயன் கூடுதலாக இருந்தது. காரணம் புரியக்கூடியதே. தாளில் ஒரு பத்தியை இடம் மாற்றவேண்டுமென்றால் முழுவதையும் திரும்ப எழுதவேண்டும். ஆகவே குழந்தை மாற்றுவதில்லை, திருத்தம் என்றால் எழுத்துப்பிழை திருத்தம் என்றே நினைத்துக்கொள்கிறது. திரையில் பத்தியை இழுத்து மேலே வைத்துப் பார்க்கலாம், பிடிக்கவில்லையென்றால் மீண்டும் கீழே வைக்கலாம். எழுதுவது என்பது திரும்ப எழுதுவது என்ற அறிவு, திரும்ப எழுதும் கூலி குறைந்த இடத்தில்தான் எளிதாகப் பிறக்கிறது.

தமிழில் தட்டச்சு செய்வதற்கு எந்த விசைப்பலகையைக் கொடுக்கிறோம் என்பது சிறு விஷயம்போலத் தோன்றும், அப்படியன்று. 1999இல் அரசுத் தரமாக வந்த தமிழ்99 அமைப்பில், 'கொ' வேண்டுமென்றால் 'க' அடித்து 'ஒ' அடிக்கவேண்டும். கையால் எழுதும்போது முதலில் கொம்பு, பிறகு 'க', பிறகு கால் என்று இடமிருந்து வலமாக எழுதுகிறோம். தட்டும்போது மெய்யும் உயிரும் ஒலிக்கும் வரிசையில் சேர்கின்றன. இலக்கண வகுப்பில் 'க் + ஒ = கொ' என்று படித்தது விரலில் நிகழ்கிறது. ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதுக்குப் புள்ளி தானே விழுந்து 'க்க' ஆகிவிடுவதும் தமிழின் இயல்போடு இயைந்தது. இதற்கு மாறாக, ரோமன் எழுத்தில் அடித்தால் தமிழாக மாறும் முறையில், குழந்தை 'பழம்' என்று எழுதுவதற்கு 'ழ'வைப் பற்றி நினைப்பதில்லை. எந்த ரோமன் எழுத்துகளைச் சேர்த்தால் அது வரும் என்று நினைக்கிறது. தமிழ் எழுத்து இன்னும் நிலைபெறாத கையில் இன்னொரு மொழியின் எழுத்தை இடைத்தரகராக வைக்கிறோம். அத்தோடு, கருவி 'மனம்', 'மணம்' இரண்டையும் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்போது, நினைவிலிருந்து எடுத்து எழுதவேண்டிய வேலை, கண்ணால் பார்த்துப் பொறுக்கும் வேலையாகச் சுருங்கிவிடுகிறது. பெரியவர்களுக்கு அது வசதி. எழுதக் கற்பவருக்கு இழப்பு.

பிழைதிருத்தியின் கதையும் இதேதான். தமிழ்ச் சொல் ஒட்டிக்கொண்டே நீளும் சொல்; 'வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து' என்பதை எந்த அகராதியிலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது, பகுதியும் விகுதியுமாகப் பிரித்துப் பார்க்கும் மென்பொருள் வேண்டும். சந்திப்பிழையோ வாக்கியத்தின் பொருளைப் பொறுத்தது. 'பள்ளி'யை 'பல்லி' என்று எழுதினால், இரண்டும் தமிழ்ச்சொற்களே என்பதால் எளிய பிழைதிருத்தி பேசாமல் போய்விடும். இந்தக் குறைகள் நாளடைவில் தீரக்கூடியவை. தீர்ந்த பிறகும் நிற்கும் கேள்வி, பிழையைத் தானே திருத்திவிடும் கருவி வேண்டுமா, பிழை இருக்கும் வரியை மட்டும் சுட்டிக்காட்டிவிட்டுக் காத்திருக்கும் கருவி வேண்டுமா என்பது. கற்பவருக்கு இரண்டாவதுதான் வேண்டும். சந்தையில் இருப்பது பெரும்பாலும் முதலாவது, ஏனென்றால் அது அலுவலகத்துக்காகச் செய்யப்பட்டது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி பொதுப்பயன்பாட்டுக்கு வந்த பிறகு, மூன்றாவது போராட்டத்தையும் இறக்கிவைக்க முடியும் என்ற நிலை வந்திருக்கிறது. சொல்லவந்தது என்ன என்று கண்டுபிடிப்பதற்காகத்தான் குழந்தையை எழுதச் சொல்கிறோம்; கட்டுரை என்பது அந்தத் தேடலின் மிச்சம் மட்டுமே. மிச்சத்தை இயந்திரத்திடம் வாங்கிக்கொள்ளும் குழந்தை தேடலை இழக்கிறது. இதைத் தடையால் மட்டும் சமாளிக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதே இயந்திரத்திடம், குழந்தை எழுதிய பத்தியைக் கொடுத்து, ஒரு சொல்லையும் மாற்றாமல் படிப்பவருக்குத் தோன்றக்கூடிய மூன்று கேள்விகளை மட்டும் கேட்கச் சொல்லலாம். 'நாய் ஓடிப்போனது என்கிறாய், அப்போது நீ எங்கே நின்றுகொண்டிருந்தாய்?' என்ற கேள்வி வந்தால், விடை குழந்தையிடம் மட்டுமே இருக்கிறது, எழுதவேண்டியதும் குழந்தைதான். கேள்வி பொருத்தமாக இருக்கிறதா என்று முதலில் ஆசிரியர் பார்த்துக்கொள்வது நல்லது.

சுமையை இறக்குவது முழு நியாயமாகும் இடம் வாசிப்பில் குறைபாடு உள்ள குழந்தைகளின் கல்வி. டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு உள்ள பன்னிரண்டு வயது மாணவர் அறிவியல் பாடத்தில் ஒளிச்சேர்க்கையைப் புரிந்துகொள்ளவேண்டும். எழுத்துக்கூட்டுவதிலேயே அவர் ஆற்றல் தீர்ந்துவிட்டால் அறிவியலும் போய்விடுகிறது. உரையை வாசித்துக் காட்டும் மென்பொருள் அந்தத் தடையை நீக்குகிறது. இத்தகைய மாணவர்களின் புரிதலுக்கு அது உதவுகிறது என்று 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வும் காட்டியது. தொடக்கத்தில் பார்த்த 'பொம்மை'க் குழந்தைக்குக் கெடுதலாக இருந்த அதே வசதி இங்கே உரிமையாகிறது. எழுத்துகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டினால் டிஸ்லெக்சியா உள்ள இத்தாலிய, பிரெஞ்சுக் குழந்தைகள் பிழை குறைந்து வேகமாக வாசித்தார்கள் என்று 2012இல் ஓர் ஆய்வு வந்தது. திரையில் அது ஒரு நொடி வேலை. இதற்கென்றே வடிவமைத்ததாகச் சொல்லப்படும் சிறப்பு எழுத்துருக்களுக்கு அப்படிப்பட்ட ஆதாரம் கிடைக்கவில்லை என்பதையும் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது.

கருவியை வாங்கிக் கொடுப்பதே திட்டம் என்று நினைத்த இடங்களில் என்ன நடந்தது என்பதற்கு பெரு நாட்டின் அனுபவம் போதும். 319 கிராமப்புறப் பள்ளிகளில் நடந்த ஆய்வு, ஒவ்வொரு குழந்தைக்கும் மடிக்கணினி கொடுத்ததால் மொழியிலோ கணக்கிலோ தேர்ச்சி உயரவில்லை என்று 2012இல் அறிவித்தது. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளைப் பள்ளி நேரத்துக்குப் பிறகு மையங்களில் பயன்படுத்திய மாணவர்கள், நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் கண்கூடாக முன்னேறினார்கள் என்று 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கே மென்பொருள் மாணவர் எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்கவில்லை. உண்மையில் எந்த நிலையில் இருக்கிறார் என்று சோதித்து அங்கிருந்து தொடங்கியது. மையத்தில் வழிகாட்ட ஆளும் இருந்தார்.

ஆசிரியருக்கு மிகவும் பற்றாக்குறையான பொருள் காது. நாற்பது குழந்தைகளும் நாள்தோறும் ஆளுக்கு இரண்டு நிமிடம் வாய்விட்டு வாசித்தால், கேட்பதற்கு மட்டும் எண்பது நிமிடம் வேண்டும். பதிவுசெய்யும் கருவி அந்த வாசிப்புகளைச் சேர்த்துவைக்கிறது. பேச்சுணரி அவற்றுள் எதைக் கேட்கவேண்டும் என்று தோராயமாகச் சுட்டிக்காட்டுகிறது. மாலையில் ஆசிரியர் ஒரு பதிவைத் திறக்கிறார். குழந்தை 'அவள் பல்லிக்குப் போனாள்' என்று வாசிக்கிறது, நிற்கிறது, வரியின் தொடக்கத்துக்குத் திரும்பிப் போகிறது, 'அவள் பள்ளிக்குப் போனாள்' என்று தானே திருத்திக்கொண்டு மேலே போகிறது. பொருள் இடறியதால் காது எச்சரித்து, கண் திரும்பிப் பார்த்திருக்கிறது. எழுத்துக்கூட்டுதலும் மொழியறிவும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்த இடம் அது. செயலியின் பட்டியலில் அந்த வரிக்கு நேராகச் சிவப்புப் புள்ளி இருக்கிறது. ஆசிரியர் நாளைக் காலையில் அந்தக் குழந்தையை அழைத்து, தான் கேட்டதைச் சொல்லவேண்டிய வரி அதுதான்.